புற்றரை களை நாசினி

வட்டுக்கோட்டைக்குப் போகிற வழியில், பனங்கூடல் முடிந்து வெங்காயத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில், ஒரு விளையாட்டு மைதானம் இருக்கிறது. கட்டி முடித்து ஒரு வருடமாகியும் அங்கே ஒருவரும் விளையாடியதில்லை. காரணம், அதில் புல் இருந்தது.

ஊரில் முளைக்கிற புல் அல்ல அது. தெற்கிலிருந்து குளிரூட்டிய லொறிகளில், பாய் சுருட்டினாற்போலச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்த புல். அதைக் காப்பதற்கென்றே ‘வடபிராந்தியப் புற்றரை பேணுகை அதிகாரசபை’ தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதி ஓரமாக, சபைக்கு ஒரு மேல்மாடிக் கந்தோர், பதினொரு உத்தியோகத்தர், ஒரு வாகனம். புல்லின் மேல் எவரும் கால் வைக்கக்கூடாது என்பது சபையின் முதலாவது தீர்மானம். மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார்கள். கோல் கம்பங்கள் கயிற்றுக்கு உள்ளே நின்றன. பந்தடிக்கிற பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள்.

உள்ளே கால் வைக்க உரிமை பெற்றிருந்தவள் உதயகலா ஒருத்திதான். அதுவும் வெறுங்காலோடு, தண்ணீர் விடுவதற்கு மட்டும். அவளுடைய பதவி ‘மைதானப் பராமரிப்பாளர், அமைய அடிப்படை’. அமைய அடிப்படை என்றால் இன்றைக்கு வேலை உண்டு. நாளைக்கு உண்டோ என்பது நாளைக்குத்தான் தெரியும். ஆறு மாதமாக அவள் நிரந்தர நியமனக் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நீர்வேலிக்காரி. வாழைக்கும் வெங்காயத்துக்கும் நடுவே வளர்ந்து, வட்டுக்கோட்டையில் வெங்காயம் வைக்கிற சுபாஸ்கரனைக் கட்டியவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தெற்குக் கோலுக்குப் பக்கத்தில் கோரை முளைத்திருப்பதைக் கண்டாள். எண்ணிப் பார்த்தாள். பதினான்கு. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கோரையைக் கண்டால் கை சும்மா இராது. அடுத்த நாளே வீட்டிலிருந்து உழவாரத்தைக் கொண்டுபோய், குந்தியிருந்து செருக்கத் தொடங்கினாள். கிழங்கோடு இரண்டை எடுத்து மூன்றாவதில் கை வைத்தபோது, சபையின் வாகனம் வந்து நின்றது. பணிப்பாளர் கிறிஸ்துநாயகம் இறங்கினார். வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் கோப்பு.

“உதயகலா, கையிலை என்ன?”

“உழவாரம் சேர். கோரை செருக்கிறன்.”

“அது கோரையெண்டு ஆர் சொன்னது?”

“பார்க்கத் தெரியுதே சேர்.”

“உமக்குத் தெரியும். சபைக்குத் தெரியாது. சபைக்குத் தெரியாத ஒண்டை ஒரு அமைய ஊழியர் தெரிஞ்சு வைச்சிருக்கிறது என்ன ஒழுங்கு?”

உதயகலா மன்னிப்புக் கேட்டாள். பிடுங்கிய இரண்டு கோரையும் சான்றுப் பொருளாகக் கோப்புக்குள் போயின. மாலையே அவளிடம் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. ‘கண்டேன், கை சும்மா இருக்கவில்லை’ என்று உள்ளதை எழுதிக் கொடுத்தாள். புல்லில் உழவாரம் பட்டால் நோகும். ஆகையால் களை இருந்தால் அதற்கு மருந்துதான் அடிக்க வேண்டும். மருந்து வேண்டுமானால் முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது.

அவளும் முறைப்படி எழுதினாள்: ‘புல்லுக்குள்ளை கோரை வந்திட்டுது. புல் சாகாமல் கோரை மட்டும் சாகிற மருந்து ஒரு போத்தல் தேவை.’

நிர்வாக உத்தியோகத்தர் பராசக்தி அதை வாசித்துப் பார்த்துப் பேனையை எடுத்தார். நல்ல மனுசி. ஆனால் தமிழில் பெரிய பிடிப்பு. கந்தோரில் வருகிற கடிதமெல்லாம் அவருடைய பேனைக்குக் கீழால் போய்த்தான் வெளியே வரும்.

“பிள்ளை, உது கடிதமோ, கதையோ? கந்தோர்க் கடிதம் எண்டால் சுருக்கமா, கனமா இருக்க வேணும்.”

வெட்டினார், திருத்தினார், இன்னும் வெட்டினார். கடைசியில் மூன்று சொல் மிஞ்சியது. ‘புற்றரை களை நாசினி.’ எழுதிவிட்டுத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ரசித்தார்.

கடிதம் மேலே போனது. மேலேயிருந்து கேள்வி ஒன்று கீழே வந்தது: சொல்லப்பட்ட தாவரம் களைதான் என்று நிறுவப்பட்டதா?

நிறுவுவதற்கு ‘களை அடையாளப்படுத்தல் உபகுழு’ அமைந்தது. தலைவர் கலாநிதி குகதாசன். குளிர்நாடொன்றில் பதினொரு வருடம் இருந்து, கோல்ப் விளையாடுகிற புல்லைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அவர் கோரையைக் கண்டதில்லை. அந்த நாட்டில் அது முளைப்பதில்லை.

குழு வந்து கயிற்றுக்கு வெளியே கதிரை போட்டு இருந்தது. உள்ளே கால் வைக்க முடியாது. கோரையைப் பிடுங்கி வெளியே கொண்டுவரவும் முடியாது. ஆகவே குருவி பார்க்கிற தொலைநோக்கி ஒன்றை ஆளுக்கு ஆள் மாற்றிப் பார்த்தார்கள். உதயகலா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள்.

“என்ன சேர், களைதானே?” என்றார் பணிப்பாளர்.

குகதாசன் தொலைநோக்கியைக் கீழே வைத்தார். “அவசரப்படக்கூடாது. ஒரு செடி களையோ இல்லையோ எண்டுறது செடியின்ரை குணமில்லை. அது எங்கடை நிலைப்பாடு. நிலைப்பாடு எடுக்கிறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அதை இண்டைக்கே எடுத்துப்போட்டால், நாளைக்கு நாங்கள் கந்தோருக்கு வந்து என்ன செய்யிறது?”

எல்லாரும் தலையாட்டினார்கள். உதயகலாவும் ஆட்டினாள். பிறகுதான் ஏன் ஆட்டினேன் என்று யோசித்தாள்.

இருபத்தொரு நாள் அவகாசம் கொடுத்து, ‘இங்கு காணப்படும் பன்னிரண்டு தாவரங்கள் தொடர்பில் ஆட்சேபம் உள்ளோர் எழுத்தில் அறிவிக்கவும்’ என்று பலகை தொங்கவிட்டார்கள். இரண்டு கடிதம் வந்தது. பன்னிரண்டு வேலை வெற்றிடங்களுக்கும் கல்வித் தகைமை என்னவென்று ஒருவர் கேட்டிருந்தார். பலகையில் ஒற்றுப் பிழை இருப்பதாக இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டையும் சபை இரண்டு அமர்வில் ஆராய்ந்தது. அதற்குள் பன்னிரண்டு கோரை ஐந்நூறாகிவிட்டது. தொகை பொருந்தவில்லை என்பதால் பலகையை மாற்றி, அவகாசத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். கந்தோர் அலுமாரிக்குள்ளும் ஒரு நாள் பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பராசக்தியின் பூச்சாடியிலிருந்து ஒழுகிய தண்ணீரில் சான்றுப் பொருள் முளைத்து, விளக்கக் கடிதத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் லவீனா வந்தாள். ஊர் மகளிர் உதைபந்தாட்ட அணியின் தலைவி. மருந்துக்கடை ஒன்றில் வேலை. வேலை முடிந்து வந்து, பாடசாலைக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையில் பதின்மூன்று பெட்டைகளோடு பந்தடிப்பாள். ஒழுங்கையின் அகலம் இரண்டு சைக்கிள். அப்படிப் பழகியே அவர்கள் வடமாகாண இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

“அக்கா, பைனலுக்கு எட்டுக் கிழமை கிடக்கு. எங்கடை ஊரிலை மைதானம் தந்தால் இஞ்சை வைப்பினமாம். இல்லாட்டி வவுனியாவிலை. எங்கடை அம்மாமார் ஒருத்தரும் இன்னும் நாங்கள் விளையாடிப் பார்த்ததில்லை. வவுனியாவுக்கு அவையள் வரமாட்டினம்.”

உதயகலா அவளைப் பணிப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

“தங்கச்சி, களை இருக்கிற புல்லிலை ஒருத்தரையும் இறக்கேலாது,” என்றார் அவர். “களை ஒழிஞ்ச பிறகு விண்ணப்பியும்.”

லவீனாவுக்குச் சந்தோசம். களை ஒழியத்தானே போகிறது என்று நினைத்தாள். சின்னப் பிள்ளை.

இரண்டாவது அவகாசமும் முடிந்து, அது களைதான் என்ற நிலைப்பாடு எடுக்கப்பட்டு, கடைசியில் மருந்து வந்தது. சபையின் வாகனத்தில், பின் ஆசனத்துக்கு நடுவில், இரண்டு உத்தியோகத்தருக்கிடையில் இருந்து வந்தது. இறக்கி வைக்கும்போது உதயகலா எட்டிப் பார்த்தாள். மஞ்சள் மூடி, பச்சை லேபல். அதே போத்தல் அவளுடைய வீட்டுக் கொட்டிலிலும் இருந்தது. லேபலில் தமிழில் வடிவாக எழுதியும் இருந்தது: ‘வெங்காயம், நிலக்கடலை ஆகிய பயிர்களில் புல்லினங்களை அழிப்பதற்கு.’

“சேர்,” என்றாள் மெதுவாக, “உது வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து. வெங்காயத்தை ஒண்டும் செய்யாது, புல்லைச் சாகடிக்கும். கோரை புல்லு மாதிரி இருக்கும், ஆனால் அது வேறை சாதி. அதுக்கு உது பன்னீர் தெளிச்ச மாதிரி.”

பணிப்பாளர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். “போத்தல் வாசிக்கிறது ஆற்றை கடமை?”

“தொழில்நுட்பப் பிரிவின்ரை கடமை,” என்றார் குகதாசன். “நானும் லேபலைப் பார்த்தனான். தமிழிலை இருந்தபடியால் பெரிசா எடுக்கேல்லை. நாங்கள் என்ன கேட்டமோ அதைத்தான் அனுப்பியிருக்கினம். வேணுமெண்டால் கோப்பைப் பாருங்கோ.”

கோப்பைப் பார்த்தார்கள். சபை கேட்டிருந்தது ‘புற்றரை களை நாசினி’. மேலிடத்தில் அதை வேறு மொழிக்கு மாற்றியவர் நன்றாகத் தமிழ் படித்தவர் போலும். புற்றரையைக் களைகின்ற நாசினி என்று அவர் விளங்கிக்கொண்டிருந்தார். அதாவது புல்தரையை இல்லாமற் செய்கிற மருந்து. கொள்வனவுப் பிரிவும் தேடித் திரிந்து, புல்லை அடியோடு கொல்கிற மருந்தாகப் பார்த்து, நல்லதாகவே வாங்கி அனுப்பியிருந்தது.

பராசக்தி தன் மூன்று சொல்லையும் திரும்பத் திரும்ப வாசித்தார். பணிப்பாளரோ கோப்பை மூடினார்.

“கேட்டது வந்திருக்கு. வந்ததை அடிக்கிறதுதான் நிர்வாகம்.”

போத்தல் இரும்புப் பெட்டிக்குள் போனது. பெட்டியைப் பூட்டி, மூன்று திறப்பையும் மூன்று உத்தியோகத்தரிடம் கொடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ‘முதற்றெளிப்பு விழா’ என்று அழைப்பிதழ் அச்சானது. கொழும்பிலிருந்து மேலதிகாரி ஒருவர் பிரதம விருந்தினர்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உதயகலா சுபாஸ்கரனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் சிரித்துச் சிரித்துத் தண்ணி குடித்தான்.

“சிரிக்காதேங்கோ. பத்து மாசம் பிள்ளை மாதிரித் தண்ணி விட்ட புல்லு. அதோடை அந்தப் பெட்டையளின்ரை பைனல்.”

“சரி, அப்ப என்ன செய்யப்போறீர்?”

அவள் அடுத்த நாள் கந்தோருக்குப் போய், ஒன்றுந் தெரியாதவள் போல் பணிப்பாளரைக் கேட்டாள்: “சேர், களை இல்லையெண்டால் மருந்து அடிக்கமாட்டியள்தானே?”

“களை இல்லாமல் அடிக்க எங்களுக்கென்ன விசரே?”

அந்தப் பதில் அவளுக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை விடிய, லவீனாவும் பதின்மூன்று பெட்டைகளும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றுக்குக் கீழால் பூந்தார்கள். சுபாஸ்கரன் ஊரிலுள்ள உழவாரமெல்லாம் இரவல் வாங்கி வந்தான். வெறுங்காலுக்கு அந்தப் புல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி ஆருக்கும் தெரியாமல் ஒரு கரணமும் அடித்தாள். புல்லை நோகவிடாமல், கிழங்கு கிழங்காகத் தோண்டி எடுத்து, மத்தியானத்துக்குள் ஒன்பது சாக்கு நிரப்பினார்கள். உதயகலா ஒரு வாளி தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தபோது மைதானம் ஒரு பச்சைச் சீலை விரித்தது போலக் கிடந்தது. நிறுவுவதற்கு நாலு மாதம் எடுத்தது. பிடுங்குவதற்கு அரை நாள்.

திங்கட்கிழமை பணிப்பாளர் வந்தார். கயிற்றடியில் நின்று பார்த்தார். தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார்.

“களை எங்கை?”

“இல்லை சேர்,” என்றாள் உதயகலா சந்தோசமாக.

“இல்லையெண்டால்?”

“ஒழிஞ்சுபோச்சு சேர்.”

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். “ஐயோ, வெள்ளிக்கிழமை விழா. தவில் நாதஸ்வரம் சொல்லியாச்சு. பிரதம விருந்தினர் கொழும்பிலையிருந்து வந்து எதுக்கு அடிப்பார்? சபை நிலைப்பாடு எடுத்த களை. கோப்பிலை இருக்கிற களை. அதை இல்லாமல் ஆக்கிறதுக்கு ஆர் அனுமதி தந்தது?”

“களை இல்லையெண்டால் அடிக்கமாட்டம் எண்டு சொன்னியள், சேர்...”

“அதாலைதான் சொல்லுறன். உடனடியாக் களை வேணும்.”

ஒரு மணித்தியாலத்துக்குள் கூட்டம் கூடியது. களையை மீள நடுவதென்று தீர்மானமானது. அயலில் கோரை எடுக்கக்கூடிய தோட்டம் என்று யாரோ சுபாஸ்கரனின் பெயரைச் சொல்ல, அவனுக்கு ஒரு கடிதம் போனது. அவன் கடிதத்தைக் கொண்டு நேரே கந்தோருக்கே வந்துவிட்டான். “என்ரை தோட்டத்திலை கோரை கிடக்கெண்டு ஆர் சொன்னது? வந்து காட்டுங்கோ பார்ப்பம், ஒண்டைக் காட்டுங்கோ!” அவனைச் சமாதானப்படுத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்ப மத்தியானமாகிவிட்டது. கடைசியில் மைதானத்துக்குப் பின்னால் கிடந்த ஒன்பது சாக்குத்தான் கைகொடுத்தது.

பிடுங்கிய கையாலேயே உதயகலா நட்டாள். கலாநிதி குகதாசன் கயிற்றுக்கு வெளியே நின்று இடைவெளி சொன்னார். நிரைக்கு நிரை ஒரு முழம், செடிக்குச் செடி ஒரு சாண். பிரதம விருந்தினருக்கு வடிவாகத் தெரிய வேண்டுமென்று முன்வரிசையில் பெரிய கோரை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி. புதன்கிழமை வெயிலுக்குச் சில வாடிவிட்டன என்று கேட்டுப் பணிப்பாளர் ஓடிவந்தார். “தண்ணி விடும், தண்ணி விடும்! நிழல் பிடியும்!” உதயகலா குடையைப் பிடித்துக்கொண்டு கோரைக்குப் பக்கத்தில் நின்றாள். வீதியால் போன தோட்டக்காரர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நிறைகுடம், குத்துவிளக்கு, தவில், நாதஸ்வரம். மருந்தடிக்கிற மெசினுக்குச் சந்தனம் பூசி, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். புல்லில் கால் படக்கூடாதே. ஆகவே கயிற்றடியிலிருந்து கோரை வரைக்கும் நிலபாவாடை விரித்திருந்தார்கள். பணிப்பாளர் வரவேற்புரை நிகழ்த்தினார்.

“இந்தச் சபை தொடங்கிய நாளிலிருந்து இந்தப் புல்லின் மீது ஒரு விளையாட்டு வீரனின் கால்கூடப் பட்டதில்லை என்பதைப் பெருமையோடு கூறுகிறேன். பலர் கேட்கிறார்கள், இவர்கள் என்ன செய்தார்கள் என்று. பதினான்கு களைகள் இருந்த காலத்திலும் நாங்கள் பதறவில்லை. ஐந்நூறாக வளர்ந்தபோதும் பதறவில்லை. இன்று பாருங்கள், எங்கள் களைகள் நிரை நிரையாக, ஒழுங்காக, உங்கள் முன் நிற்கின்றன. வேறு எந்த மாவட்டத்திலாவது இவ்வளவு ஒழுக்கமான களை உண்டா?”

கைதட்டல். பிரதம விருந்தினர் மெசினைத் தோளில் போட்டுக்கொண்டு நிலபாவாடையில் நடந்தார். அவர் நல்ல உற்சாகமான மனுசர். முதல் நிரைக்கு அடித்தார், இரண்டாவது நிரைக்கு அடித்தார். கை பழகிவிட்டது. துணியை விரிக்கச் சொல்லி விரிக்கச் சொல்லி நடுக்கோடு வரைக்கும் அடித்துக்கொண்டு போனார். பிறகு பதினொரு உத்தியோகத்தருக்கும் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில் நின்று அடித்துப் படம் எடுத்தார்கள். மருந்து முடிய, மேலதிகமாக வந்த இரண்டாவது போத்தலையும் உடைத்தார்கள். உதயகலா தவிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. அதற்குள் யாரோ கையில் வடையைத் தந்துவிட்டார்கள். வடையோடு என்னென்று அழுவது?

ஐந்தாம் நாள் புல்லின் நுனி மஞ்சளானது. எட்டாம் நாள் அடியும் மஞ்சளானது. பத்தாம் நாள் மைதானம் முழுக்க வைக்கோல் நிறம். அதற்கு நடுவே, நிரைக்கு ஒரு முழம், செடிக்கு ஒரு சாண் என்று, கோரை பச்சைப் பசேலென்று கொடிகளோடு நின்றது.

உபகுழு வந்தது. தொலைநோக்கி கை மாறியது. கடைசியில் பணிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

“வெற்றி.”

உதயகலா தான் பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்தாள். “சேர், செத்தது புல்லு.”

“உதயகலா, நிதானமா யோசியும். நாங்கள் அடிச்சது களையைக் கொல்லுற மருந்து. அப்ப செத்தது என்ன?”

“புல்லு, சேர்.”

“களை. உயிரோடை நிக்கிறது என்ன?”

“கோரை, சேர்.”

“புல்லு! செத்தது புல்லெண்டால் நாங்கள் பிழை விட்டதா வரும். சபை பிழை விடுறேல்லை. ஆனபடியால் செத்தது களை.” அவர் குகதாசனைப் பார்த்தார்.

“அறிவியல் ரீதியாகச் சரி,” என்றார் குகதாசன். “பச்சையா நிக்கிறதைத்தான் உலகம் முழுக்கப் புல்லெண்டு சொல்லுறது. நிரையாயும் நிக்குது.”

அன்றே களை முற்றாக ஒழிக்கப்பட்டதென்று அறிக்கை போனது. அதைக் கேள்விப்பட்டு லவீனா விண்ணப்பத்தோடு வந்தாள். பைனலுக்கு ஒரு கிழமை இருந்தது.

“களை ஒழிஞ்சுதாம் சேர். இப்ப தருவியள்தானே?”

பணிப்பாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “தங்கச்சி, இவ்வளவு கஷ்டப்பட்டுக் களை எடுத்த புல்லிலை ஆரும் கால் வைப்பினமோ? கயிறை இரட்டையாக் கட்டச் சொல்லியிருக்கிறன்.”

லவீனாவின் கண் கலங்கிவிட்டது. விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். உதயகலாவுக்குப் பொறுக்கவில்லை. சண்டை பிடித்தால் வேலை போகும். வேலை போனாலும் மைதானம் கிடையாது. பிறகு அவள் இந்தப் பத்து மாதத்தில் கந்தோரில் கேட்ட கதையெல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். அவர்களுக்கு விளங்குகிற மாதிரிக் கதைத்தால் என்ன என்று தோன்றியது. அடுத்த நாள் நல்ல சீலையாகக் கட்டிக்கொண்டு போனாள்.

“சேர், செத்த களை அப்பிடியே கிடக்கு. களை எச்சம். உதை அகற்றாட்டி மேலிடம் கேள்வி கேக்காதோ?”

பணிப்பாளர் நிமிர்ந்தார். “கேக்கும். என்ன செய்யலாம்?”

“மண்வெட்டி போடேலாது. உழவாரம் கூடாது. மிதிச்சுத் தூளாக்கிறதுதான் வழி. அதுக்கு ஆக்கள் வேணும். ஒரு இருபத்திரண்டு பேர் காணும். அடியிலை முள்ளு வைச்ச சப்பாத்தோடை. தொண்ணூறு நிமிசம் மிதிச்சால் சரி. நடுவிலை பதினைஞ்சு நிமிசம் ஓய்வு குடுப்பம்.”

“நல்ல யோசனை. எழுதித் தாரும்.”

“ஒரு பந்தும் வேணும், சேர்.”

“பந்து எதுக்கு?”

“சும்மா மிதிக்கச் சொன்னால் எல்லாரும் நிழலிலை ஒரு இடத்திலை நிண்டிடுவினம். பந்தை விட்டால் அதுக்குப் பின்னாலை ஓடுவினம். எல்லா மூலையும் சமனா மிதிபடும்.”

பணிப்பாளர் யோசித்தார். குகதாசனைக் கூப்பிட்டுக் கேட்டார். இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடினால் மிதிப்பு எப்படிப் பரவும் என்று குகதாசன் தாளில் கீறிப் பார்த்து, முறை விஞ்ஞானபூர்வமானதுதான் என்று ஒப்பமிட்டார்.

கடிதம் பராசக்தியிடம் போனது. அவர் அதை மேலிருந்து கீழே வாசித்தார். கண்ணாடிக்கு மேலால் உதயகலாவை ஒரு பார்வை பார்த்தார். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. இந்த முறை பேனையை எடுக்கவில்லை. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் முத்திரை குத்தினார். பிறகு லாச்சியைத் திறந்து பழைய சுற்றறிக்கை ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு பணிப்பாளரிடம் போனார். இருபது பேருக்கு மேற்பட்டோரின் வேலையை அமைய ஊழியர் ஒருவர் மேற்பார்வை செய்ய முடியாதாம். நிரந்தர ஊழியர்தான் செய்யலாமாம். பணிப்பாளருக்கு ஒழுங்கு மீறப் பயம். உதயகலாவின் நிரந்தர நியமனக் கடிதம் அன்று பின்னேரமே தட்டச்சானது.

“அந்த மூண்டு சொல்லுக்காக, பிள்ளை,” என்று அதை அவள் கையில் கொடுத்தார் பராசக்தி. “வீட்டை போய் வாசியும்.”

சனிக்கிழமை பின்னேரம் மிதிப்புப் பணி தொடங்கியது. எதிர்ப்பக்கம் மிதிப்பதற்கு மன்னாரிலிருந்து பதினொரு பேர் பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஊர்ச்சனம் முழுக்கக் கயிற்றைச் சுற்றி நின்றது. அம்மாமார் எல்லாரும் முன்னுக்கு. லவீனாவின் தாய் தங்கச்சிக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் மகள் எதுவென்று கேட்டுக்கொண்டிருந்தாள். பணிப்பாளர் கதிரை போட்டு இருந்தார். பக்கத்தில் பராசக்தி பதிவேட்டோடு.

“விசில் வைச்சிருக்கிறவர் ஆர்?”

“மேற்பார்வைக்கு உதவியாள், சேர்,” என்றாள் உதயகலா.

காய்ந்த புல் தூளாகிப் பறந்தது. கோரை நிரைகளுக்குள் பந்து நுழைந்து நுழைந்து போனது. ஒழுங்கைக்குள் பழகிய கால்களுக்கு இவ்வளவு அகலம் புதிது. முதல் அரைவாசியில் எங்கடை பிள்ளைகள் அங்குமிங்கும் திசை தெரியாமல் ஓடி ஒரு கோல் வாங்கினார்கள். ஓய்வுக்குப் பிறகு பழகிவிட்டது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது, கடைசி நேரத்தில் லவீனாவை மன்னார்ப் பிள்ளை ஒருத்தி காலில் தட்டி விழுத்த, விசில் ஊதியது. சனம் அமளிப்பட்டது. மிதித்தவர்கள் எல்லாரும் அசையாமல் நின்றார்கள்.

“ஏன் வேலையை நிப்பாட்டிப்போட்டினம்?” என்றார் பணிப்பாளர்.

“பெனால்டி, சேர்.”

“பெனால்டியோ? ஆருக்கு? எழுத்திலை அறிவிச்சதோ?”

உதயகலா பதில் சொல்ல முன்னர் லவீனா முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழும்பி வந்து பந்தை வைத்தாள். நாலடி பின்னுக்குப் போனாள். ஓடிவந்து வலது மூலைக்கு அடித்தாள். வலை பொம்மியது. கயிறு அறுந்தது. அம்மாமார் செருப்போடு உள்ளே ஓடினார்கள். அந்தச் சத்தத்துக்குள், “அடிச்சிட்டாள், எங்கடை பிள்ளை!” என்று ஒரு ஆண்குரலும் பலமாகக் கேட்டது. உதயகலா திரும்பிப் பார்த்தாள். பணிப்பாளர் கதிரைக்கு மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கோப்பு கீழே கிடந்தது.

அவர் இறங்கினார். வெள்ளைச் சேட்டை இழுத்துவிட்டார். கோப்பை எடுத்துத் தூசி தட்டினார். மைதானத்தைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“உதயகலா, அந்த மூலையிலை இன்னும் கொஞ்சம் எச்சம் கிடக்குது போலை இருக்கு. வாற சனிக்கிழமையும் ஒருக்கா மிதிக்க வேண்டி வருமோ?”

“ஓம் சேர்,” என்றாள் உதயகலா. “கனக்கக் கிடக்கு.”